மாணவர் பந்தய வண்டியில் சக்கரமும் அச்சும்

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் 2018 டிசம்பரில் ஷெல் இகோ-மாரத்தான் என்னும் மாணவர் போட்டி நடைபெற்றது. வேகமன்று, சிறிதளவு எரிபொருளில் நெடுந்தூரம் செல்வதே இதன் நோக்கம். வண்டிகள் மூன்று அல்லது நான்கு சக்கரங்களில் ஓட வேண்டும் என்பது விதி.

இத்தகைய வண்டிக்குச் சைக்கிள் சக்கரமே போதுமெனத் தோன்றும். ஆயின் சைக்கிள் வளைவில் சாய்கிறது. பாரம் சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது. சாயாத வண்டியின் சக்கரமோ பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. ஆகவே விட்டம் சிறிதாகவும் குடம் அகலமாகவும் அமைதல் நன்று.

அச்சினை ஒருபுறம் மட்டும் தாங்குவது வழக்கம். சக்கரத்தைக் கழற்ற எளிது. ஆனால் சக்கரத்தின் மீது 30 கிலோ பாரமும், தாங்குமிடம் 6 செ.மீ. தள்ளியும் இருப்பின் வளைக்கும் திருப்பம் 180 கிலோ-செ.மீ. ஆகும். இருபுறமும் அதே தூரத்தில் தாங்கினால் 90 மட்டுமே. அச்சின் வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது; எனவே 12 மி.மீ. அச்சை 15 மி.மீ. ஆக்கினால் ஏறக்குறைய இருமடங்காகும். எடையோ 56 விழுக்காடு கூடும். இக்கணக்கை மாணவரே கரும்பலகையில் போட்டுப் பார்ப்பது நலம்.

இரு பால்பேரிங்குகளும் இயன்றவரை விலகியிருக்க வேண்டும். அச்சில் ஏற்றுகையில் உள்வளையத்தை மட்டுமே அழுத்துக. வெளிவளையத்தைச் சுத்தியலால் தட்டினால் விசை குண்டுகளின் வழியே பாய்ந்து தடத்தில் நுண்பள்ளங்களை உண்டாக்கும். கண்ணுக்குப் புலப்படாத அப்பள்ளங்களைச் சக்கரத்தை மெல்லச் சுழற்றும் விரல்கள் உணரும்.