ஏரிக்கரையில் எடுத்த அறுகோணக் கல்

நமது கல்லூரியின் இயற்கைப் பொருட்சாலையில், கீழ்த்தட்டின் ஓரத்தில், கைக்கடங்கிய சாம்பல்நிறக் கல் ஒன்று உளது. வட அமெரிக்காவில், மிச்சிகன் ஏரியின் கரையில், பெட்டாஸ்கி என்னும் ஊரருகே பழைய மாணவர் ஒருவர் அதனைப் பொறுக்கி வந்து அளித்தார். அறுகோணக் கட்டங்கள் நெருங்கி அமைந்திருத்தலைக் கண்டு, "கல்லாய்ச் சமைந்த தேனடை" என்று சீட்டெழுதி ஒட்டினோம். எழுதியது நாமே. இரண்டு வகுப்பினர் அதனை அவ்வாறே தம் ஏடுகளிற் பெயர்த்தெழுதிக்கொண்டனர். பின்பு ஒரு நாள் மாணவர் ஒருவர், "ஐயா, தேனடையாயின் ஒவ்வோர் அறையின் நடுவிலும் கண்போன்ற கரும்புள்ளி இருப்பானேன்?" என்று வினவினார். விடைகூற இயலாது நின்றோம். அன்றே கல்லை வெளியே எடுத்தோம்.

கல்லுரு ஒன்றை இன்னதென்று துணியுமுன், அது உயிரின் உருத்தானா என்பதைத் தெளிதல் வேண்டும். காய்ந்த சேறு வெடித்தாலும் பலகோணக் கட்டங்கள் தோன்றும். ஆயின் அக்கட்டங்களுள் ஒழுங்கான உள்ளமைப்பு இராது. நமது கல்லை நீரில் நனைத்தோம். உலர்ந்திருந்தபோது மங்கிக் கிடந்த கோலம், நனைந்தவுடன் எழுதினாற்போல் விளங்கிற்று. பூதக்கண்ணாடி கொண்டு நோக்க, கரிய நடுக்கண்ணிலிருந்து மெல்லிய வெண்கோடுகள் சக்கரத்தின் ஆரங்களைப்போல் சுற்றுச்சுவர் வரையிற் சென்றன. கத்திமுனை கல்லை எளிதிற் கீறியது. கீறிய பொடியின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் திராவகத்துளி விழவே நுரை பொங்கிற்று. ஆகவே இது படிகக்கல் அன்று, சுண்ணாம்புக்கல்.

தேனடையென்னும் கொள்கை இங்கேயே வீழ்ந்தது. தேனீ கட்டும் அறைகள் ஏறக்குறைய ஒரே அளவின. இக்கல்லிலோ ஐந்து பக்கமும் ஏழு பக்கமும் உடையனவும் விரவியிருந்தன. தேனறையுள் ஆரங்களும் இல்லை. மேலும், பெட்டாஸ்கிப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகள் ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட டெவோனியன் காலத்தன. அக்காலத்தில் பூக்குஞ் செடியே இல்லை. தேனீ எங்ஙனம் வரும்! இதனை முன்னமே எண்ணிப்பாராதது நமது பிழையே.

எஞ்சியது பவழம். ஒவ்வொரு கட்டமும் ஒரு பவழவுயிர் தன்னைச் சுற்றி எழுப்பிய சுண்ணாம்புக் கூடு. ஆரங்கள் அக்கூட்டினுள் நின்ற தடுப்புகள். பல உயிர்கள் இடைவெளியின்றிக் கூடி வளர்ந்தமையால் கூடுகள் ஒன்றையொன்று நெருக்கிப் பலகோணமாயின. அதே கரையில் பாவோசைட்டிஸ் என்னும் வேறொரு பவழமும் கிடைக்கிறது; சார்லவாய்க் கல் என அவ்வூரார் வழங்குவது அதுவே. அதன் அறைகள் மிகச் சிறியன. நடுக்கண்ணும் நீண்ட ஆரங்களும் அதற்கு இல்லை. நமது கல்லின் அறை ஒவ்வொன்றும் சிறுவிரல் நகத்தளவு அகன்று, ஆரங்கள் நிறைந்திருந்தது. எனவே இது ஹெக்ஸகோனேரியா என்னும் இனம். பெட்டாஸ்கிக் கல்லென்று பெயர்பெற்றதும், 1965-ஆம் ஆண்டு முதல் மிச்சிகன் மாகாணத்தின் அடையாளக் கல்லாக விளங்குவதும் இதுவே. அவ்வூர்ப் பெயரோ ஒடாவா மக்களின் தலைவர் ஒருவருடைய பெயரினின்று வந்தது.

இது ருகோசா என்னும் பழங்குலத்தைச் சேர்ந்தது. அக்குலம் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், அடியோடு அழிந்துபோயிற்று. நம் மன்னார் வளைகுடாவில் இன்று வாழும் கற்பவழங்கள் வேறு குலத்தின. அவற்றில் புதிய தடுப்புகள் ஆறு பகுதிகளிலும் முளைக்கும். பழங்குலத்தில் நான்கு பகுதிகளில் மாத்திரமே முளைத்தன. அலையில் உருண்ட கல்லில் இவ்வேற்றுமை வெறுங்கண்ணுக்குப் புலப்படாது.

கடற்பவழம் நன்னீர் ஏரிக்கு வந்தவாறு என்னை என்று சிலர் கேட்டனர். டெவோனியன் காலத்தில் அந்நிலம் பூமத்தியரேகைக்குத் தெற்கே, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் இருந்தது. ஏரியோ மிக இளையது. பெரும்பனிப் படலம் நிலத்தை அகழ்ந்து பின்வாங்கிய பிறகு, கடந்த சில பதினாயிரம் ஆண்டுகளுக்குள் தோன்றியது. அப்பனியே பாறையைப் பெயர்த்து உருட்டிப் பரப்பிற்று. ஆதலின் கல் கிடந்த கரை அதன் பிறப்பிடம் ஆகாது. சீட்டில் இவ்விரண்டையும் குழப்புதல் கூடாது.

அங்குச் செல்லும் பழைய மாணவர்க்கு ஒரு சொல்: மிச்சிகன் அரசாங்க நிலங்களில் ஒருவர் ஆண்டொன்றுக்கு 25 பவுண்டு எடைக்கு மேல் கல் எடுத்தல் ஆகாது; ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுகள் என்னும் தேசியக் கரையில் ஒன்றும் எடுத்தல் கூடாது. 2015-இல் ஒருவர் ஏரியினின்று எடுத்த 93 பவுண்டுக் கல்லை அரசாங்கத்தார் கைப்பற்றினர்.

இனத்துள் இன்ன வகை என்று உறுதிசெய்யக் கல்லை மெல்லிய தகடாக அறுத்து நுண்பெருக்கியில் நோக்குதல் வேண்டும். இருப்பது ஒரே கல்லாதலின் அறுக்க மனம் வரவில்லை. புதிய சீட்டில், "ஹெக்ஸகோனேரியா, ருகோசாப் பவழம், டெவோனியன் காலம், மிச்சிகன் ஏரிக்கரையில், பெட்டாஸ்கி அருகே, உருண்ட கல்லாக எடுக்கப்பட்டது" என்றெழுதி, வினவிய மாணவரைக் கொண்டே ஒட்டுவித்தோம். பழைய சீட்டைக் கிழித்தெறியாமல் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறோம்.