இரகசியத்தைப் பங்கிடும் வடிவ கணிதம்

ஒரு பெட்டகத்தின் இரகசிய எண்ணை ஒருவரிடமே ஒப்படைப்பதால் இருவகை இடர்கள் நேரக்கூடும். அவர் எண்ணை மறந்தால் பெட்டகத்தைத் திறக்க இயலாது; அவர் நேர்மை தவறினால் காவலே இல்லை. பலருக்கும் எண்ணைத் தெரிவித்தால் முதல் இடர் குறையும், இரண்டாவது பெருகும். இச்சிக்கலுக்கு 1979-ஆம் ஆண்டில் ஆதி ஷமீர், ஜார்ஜ் பிளேக்லி ஆகிய இருவரும் தனித்தனியே தீர்வு கண்டனர்.

ஷமீர் முறையின் எளிய வடிவம் வருமாறு: இரு புள்ளிகள் ஒரு நேர்கோட்டை உறுதி செய்யும், ஒரு புள்ளி மட்டும் உறுதி செய்யாது. கோடு நிலை அச்சை வெட்டுமிடத்தை இரகசிய எண்ணாகக் கொண்டு, கோட்டின் பிற புள்ளிகளை ஆளுக்கொன்றாக அளித்தால், எவரேனும் இருவர் கூடி அவ்வெண்ணை அறியலாம்.

ஆயினும் சாதாரணத் தளத்தில் ஒரு குறை உண்டு. இரகசியமும் சாய்வும் முழு எண்கள் எனின், (2, 4) என்னும் புள்ளியைப் பெற்றவர், 4-இலிருந்து சாய்வின் இருமடங்கைக் கழித்தால் வருவதே இரகசியம் என்று அறிவார். ஆகவே அது இரட்டைப்படை எண் என்பது அவருக்குத் தனியாகவே புலனாகிவிடும்.

முடிவுறு வடிவ கணிதம் இக்குறையை நீக்குகிறது. உதாரணமாக, 0 முதல் 10 வரையுள்ள 11 எண்களை மட்டும் கொள்க. விடை இவ்வெல்லையை மீறினால் 11-ஆல் வகுத்து மீதியைக் கொள்க. குறை எண் வந்தால் 11-ஐக் கூட்டுக. இத்தளத்தில் 121 புள்ளிகளே உள. 11 பகா எண்ணாதலின், இரு புள்ளிகள் வழியே ஒரே கோடு செல்லும் என்னும் விதி இங்கும் பொருந்தும்.

இரகசியம் 7, சாய்வு 4 என்க. முதல் எண்ணை 4-ஆல் பெருக்கி 7-ஐக் கூட்டினால், ஐவருக்கும் உரிய பங்குகள் (1, 0), (2, 4), (3, 8), (4, 1), (5, 5) என அமையும்.

இரண்டாமவரும் ஐந்தாமவரும் கூடுவதாகக் கொள்வோம். முதல் எண்களின் வேறுபாடு 3; இரண்டாம் எண்களின் வேறுபாடு 1. மூன்றை நான்கால் பெருக்கினால் 12. அதன் மீதி 1. ஆகவே சாய்வு 4. நான்கிலிருந்து எட்டைக் கழித்துப் பதினொன்றைக் கூட்ட, 7 கிடைக்கிறது.

இரண்டாமவர் தனித்திருந்தால் என்ன அறிவார்? (2, 4)-இலிருந்து நிலை அச்சின் 11 புள்ளிகளுக்கும் தலா ஒரு கோடு உண்டு. ஆதலின் 11 எண்களும் சமமாகவே இயல்வன. பங்கு பெறாத ஒருவரைக் காட்டிலும் அவர் அதிகமாக ஏதும் அறியார். எத்துணை விரைவான கணிப்பொறியும் இதில் அவருக்கு உதவாது.

சாய்வைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, பங்குகளை அளித்தபின் அக்குறிப்பை அழித்துவிட வேண்டும். 11 கரும்பலகைக்கே போதுமானது. நடைமுறையில் மிகப் பெரிய பகா எண் தேவை. ஒருவர் பொய்ப் பங்கைக் காட்டினால் தவறான எண்ணே கிடைக்கும். பொய் உரைத்தவரை இம்முறை தானாகக் காட்டித் தராது.

மூவர் கூடினாலன்றித் திறக்கலாகாது எனின், ஷமீர் முறையில் நேர்கோட்டுக்குப் பதிலாக இருபடி வளைவரை அமையும். பிளேக்லி முறையில் மூன்று தளங்கள் வெட்டும் ஒரே புள்ளியில் இரகசியம் அடங்கும்.

பயிற்சி: மூன்றாமவரும் நான்காமவரும் கூடினாலும் 7 கிடைப்பதை மாணவர் சரிபார்க்க.