பின்வந்தோர்க்கும் ஒரே விதி



விஞ்ஞானம் பயிலும் ஒருவன் மன்ற மலரில் எழுத வந்தால், அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ எழுதுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நானோ என் கையால் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். பிழையிற் கற்ற பாடம் எளிதில் மறவாதன்றோ?

சென்ற பொங்கல் விழாப் போட்டிகளில் சேர்ந்தோர் பட்டியலை வலைப்பக்கமாக அமைக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. பெயருக்கு ஒரு கட்டம் வகுத்தேன். அதன் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்துவிட்டேன். மிஞ்சுவது மறையுமாறும் விதித்திருந்தேன். தமிழ் எழுத்தோ மேலே புள்ளியும் கொக்கியும், கீழே சுழியும் உடையது. இடம் போதவில்லை. உடனே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதி, பக்கத்தில் இருந்த இருபது கட்டங்களையும் ஒவ்வொன்றாக உயர்த்தினேன். அழகாயிற்று, அகமகிழ்ந்தேன்.

மறுநாள் மேலும் சிலர் பெயர் கொடுத்தனர். அப்பெயர்கள், பக்கம் திறந்தபின் வேறொரு நிரலால் வந்து சேர்பவை. முதலாண்டு மாணவி ஒருத்தி கைப்பேசியைக் காட்டி, “அண்ணா, பிந்தி வந்தவர்களுக்கு மட்டும் ஏன் தலைவெட்டு?” என்றாள். பார்த்தேன், வெட்கினேன். ‘கண்ணன்’ புள்ளியிழந்து ‘கணணன’ என்று நின்றான். மைசூரில் வளரும் நம்மிற் பலர்க்குத் தம் பெயரைத் தமிழில் காணும் இடமே சில. அங்கும் அது சிதையலாமா?

காரணம் என்ன? நிரல், தான் ஓடிய கணத்தில் கண்ணெதிரே இருந்த உறுப்புக்களை மட்டுமே பிடித்தது. பின்னர்ப் பிறந்தவற்றை அஃது அறியாது. ஸ்டைல்ஷீட் எனப்படும் நடைத்தாள் அவ்வாறன்று. ஹோக்கன் வியும் லீ என்பார் 1994 அக்டோபரில் முன்மொழிந்து, பெர்ட் போஸ் என்பாருடன் உருவாக்கிய சி.எஸ்.எஸ். என்னும் இம்முறை, 1996 டிசம்பரில் முதற் பரிந்துரையாக வெளிவந்தது. ‘கிளாஸ் என்னும் வகைப்பெயர் இன்னதாயின், தோற்றம் இன்னவாறு அமைக’ என்பதே அதன் விதி. உறுப்பு எப்போது பிறந்தது என்று அது கேட்பதில்லை. பெயர் பொருந்துகிறதா என்றே பார்க்கும்.

தசராவின்போது மைசூர் அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் எரியக் காண்கிறோம். பழுதான விளக்கை நீக்கிப் புதியதை மாட்டினால், அதற்கெனத் தனி ஆணை வேண்டுமா? வேண்டா. கம்பியோடு இணைந்ததும் மற்றவற்றோடு சேர்ந்து ஒளிரும். வகைப்பெயரே அக்கம்பி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கட்டத்தைக் குறுக்கிய தவறு நடைத்தாளில் இருந்தது. ஆதலின் அஃது எல்லோரையும் பற்றியது. திருத்தமோ நிரலில் இருந்தது. ஆதலின் முன்வந்தோர்க்கு மட்டுமே கிட்டியது.

செய்ய வேண்டுவன மூன்று.

ஒன்று: நிரல் புதிய உறுப்பைப் படைக்கும்போதே வகைப்பெயர் சூட்டட்டும், நிறமும் அளவும் நடைத்தாளிலேயே இருக்கட்டும். உறுப்பின்மேல் நிரல் நேரே எழுதும் நடை, நடைத்தாளின் சாதாரண விதியை வென்றுவிடும். பிறகு விதியை மாற்றினாலும் அவ்வுறுப்பு மாறாது.

இரண்டு: ‘பட்டியலுக்குள் உள்ள பெயர்’ என்று விதி இருந்தால், புதிய பெயரும் பட்டியலுக்குள்ளேயே சேர வேண்டும். வெளியே நின்றால் விதி எட்டாது.

மூன்று: ஒவ்வொரு பெயருக்கும் மொழிக்குறி இடுக. 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல், மொழியைக் கொண்டும் விதி வகுக்கலாம். கன்னடப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே பட்டியலில், தத்தமக்குரிய எழுத்துருவோடு நிற்கும்.

அன்றிரவே நிரலிலிருந்த திருத்தத்தை நீக்கினேன். நிலையான உயரத்தையும் எடுத்துவிட்டு, வரியுயரம் எழுத்தளவைப்போல் 1.8 மடங்கு என நடைத்தாளில் விதித்தேன். கண்ணனுக்குப் புள்ளி திரும்பிற்று.

என் தந்தை வேலை தேடி இவ்வூர்க்கு வந்தவர். பிந்தி வந்தவன் வரிசையில் நிற்கும் வருத்தம் எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. அவ்வீட்டுப் பிள்ளையே அதனை மறந்தேனே என்பதுதான் என்னைச் சுட்டது.

அடுத்த விழாவுக்குப் பட்டியல் அமைக்கவிருக்கும் தம்பி தங்கையரே! இருக்கும் இருபது பெயரோடு சோதனையை நிறுத்தாதீர்கள். இருபத்தோராவது பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.