மரவேலை மாதிரிப்படங்களும் வீட்டுக் கணினியும்

பழைய தச்சு நூல்களிலும் இதழ்களிலும் காணப்படும் மாதிரிப்படங்கள் பெரும்பாலும் முழு அளவில் இரா. பக்கத்திற்குள் அடங்கவேண்டும் என்பதற்காகப் படத்தைச் சுருக்கி, அதன்மேல் கட்டங்கள் போட்டு, ‘ஒரு கட்டம் ஓர் அங்குலம்’ என்று குறித்திருப்பார்கள். படிப்பவர் வேறொரு தாளில் அங்குலக் கட்டங்களை வரைந்து, கட்டத்திற்குக் கட்டம் பார்த்துப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். 1603ஆம் ஆண்டில் கிறிஸ்தோப் ஷைனர் என்ற ஜெர்மானிய ஏசு சபைத் துறவி அமைத்த பாண்டோகிராப் என்னும் சட்டக்கருவி இவ்வேலையைச் சற்று எளிதாக்கிற்று. ஸ்கேனரும் கணினியும் அச்சுப்பொறியும் உள்ள வீட்டில் இன்று இது அரைமணி நேர வேலை. அப்படி எண்ணித்தான் நானும் தொடங்கினேன். ஒரு பலகை வீணான பிறகே இதில் ஒரு கணக்கு இருப்பது புரிந்தது. அக்கணக்கையே இங்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் படத்தைக் கணினிக்குள் கொண்டுவருவது. கைப்பேசியில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கை சிறிது சாய்ந்தாலும் சதுரம் சரிவகமாகிவிடும். ஆகவே ஸ்கேனரே நல்லது. அதிலும் தடித்த நூலின் நடுமடிப்பு கண்ணாடியில் படியாமல் எழும்பி நின்றால் அவ்விடத்துக் கோடுகள் நெளியும். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்று வைத்தால் ஒரு ஏ4 தாள் 2480க்கு 3508 புள்ளிகளாகப் பதிவாகும். மூன்று மடங்கு பெரிதாக்க எண்ணியிருந்தால் 600 வைப்பது உத்தமம். அச்சில் அங்குலத்திற்கு 200 புள்ளிகள் மிஞ்சும். ஜேபெக் வகைக் கோப்பு கோட்டின் ஓரங்களைக் கலங்கடிக்கும் என்பதால் பிஎன்ஜி வகையில் சேமிக்க வேண்டும்.

அடுத்தது மடங்கைக் கண்டறிதல். படத்திலுள்ள கட்டங்களே இதற்குத் துணை. பத்துக் கட்டங்கள் சேர்ந்து தாளில் 82 மி.மீ. இருப்பதாகக் கொள்வோம். உண்மையில் அவை 10 அங்குலம், அதாவது 254 மி.மீ. இருக்கவேண்டும். 254ஐ 82ஆல் வகுத்தால் 3.098, எனவே 309.8 விழுக்காடு. ஒரே கட்டத்தை அளக்காமல் பத்தையும் சேர்த்து அளப்பதால் அளவுப் பிழை பத்தில் ஒன்றாகக் குறைகிறது. குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை அளக்கவேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் படம் எங்கோ கோணியிருக்கிறது என்று பொருள். கட்டமே இல்லாத படமாயின், ஸ்கேன் செய்யுமுன் அதன் ஓரத்தில் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றை வரைந்துவிடலாம்.

கிம்ப் மென்பொருளில் புள்ளிகளைத் தொடாமல் அச்சு அளவை மட்டும் மாற்றும் வசதி உண்டு; அதுவே நமக்கு ஏற்றது. ஆனால் படம் பெரிதாகும்போது கோடும் தடிக்கிறது. அரை மி.மீ. கோடு மூன்று மடங்கில் ஒன்றரை மி.மீ. ஆகிவிடும். அதன் உள்ளோரத்தில் அறுப்பதா, வெளியோரத்தில் அறுப்பதா? இரு பக்கமும் சேர்ந்தால் 3 மி.மீ. வேறுபாடு. இங்க்ஸ்கேப்பில் ஸ்கேன் படத்தைக் கீழே வைத்து, கோட்டின் நடுவிலேயே பேனாக் கருவியால் நாமே மீண்டும் வரைந்துகொண்டால் இத்தொல்லை இல்லை. பொறுமை வேண்டும், எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

அச்சிடும்போது ‘பக்கத்திற்குள் பொருத்து’ என்ற தேர்வை நீக்கி, 100 விழுக்காடு என்று குறிப்பிட வேண்டும். இல்லையேல் அச்சுப்பொறி நம்மைக் கேளாமலே படத்தைச் சிறிது சுருக்கிவிடும். வந்த தாளில் அளவுகோலை வைத்து, அளவு தெரிந்த கோட்டைச் சரிபார்த்த பிறகே பலகையில் ஒட்டவேண்டும்.

இனி என் பலகை வீணான கதை. அது காடிகளில் ஒன்றையொன்று செருகி நிறுத்தும் பொம்மை யானை. மூலப்படம் 18 செ.மீ. நீளம், 6 மி.மீ. பிளைவுட்டுக்கானது. பெரிதாக இருக்கட்டும் என்று 150 விழுக்காடாக்கி, கையிலிருந்த அதே 6 மி.மீ. பலகையில் அறுத்தேன். அறுப்பு நன்றாகவே அமைந்தது. செருகிப் பார்த்தால் காதுகள் ஆடின, கால்கள் விலகின. படத்தோடு காடியின் அகலமும் 9 மி.மீ. ஆகியிருந்தது, பலகையின் கனமோ 6 மி.மீ.தான். பெரிதாக்கும்போது மாறாமல் நிற்பது பலகையின் கனம் ஒன்றே என்பதை நான் எண்ணவில்லை.

ஆகவே, கணக்கைத் தலைகீழாகப் போடவேண்டும். விரும்பிய நீளத்தை முதலில் தீர்மானிக்காமல், கிடைத்த பலகையின் கனத்தை மூலக் காடியின் அகலத்தால் வகுத்தால் வருவதே மடங்கு. கடையில் 9 மி.மீ. என்று விற்கும் பலகை 9 மி.மீ.யே இருக்கும் என்று நம்பவும் கூடாது. நம் இயற்பியல் ஆய்வகத்தில் கம்பியின் விட்டம் அளந்து சலித்த வெர்னியர் காலிப்பர் இங்கே உயிர்பெறுகிறது. எனது இரண்டாவது பலகை 8.6 மி.மீ. இருந்தது. 8.6ஐ 6ஆல் வகுக்க 1.433. நீளமும் கனமும் நம் விருப்பப்படியே வேண்டுமென்றால், படத்தைப் பெரிதாக்கிய பின் காடிகளை மட்டும் தனியே திருத்தி வரையவேண்டும்.

சுருக்கும்போது வேறு ஆபத்து உண்டு. இரண்டு துளைகளுக்கு இடையே 3 மி.மீ. இருந்த மரப்பட்டி பாதி அளவில் ஒன்றரை மி.மீ. ஆகும். மரத்தின் இழை அதற்குக் குறுக்கே ஓடினால், ரம்பம் பட்டவுடனே ஒடிந்துவிடும். அத்தகைய படங்களில் சில துளைகளை விட்டுவிடத்தான் வேண்டும்.

என் யானை 25.8 செ.மீ. நீளமாயிற்று, ஏ4 தாளைக் குறுக்காகத் திருப்பியபோது ஒரே பக்கத்தில் அடங்கியது. காதுகளைச் செருக இரண்டு காடிகளில் மட்டும் உப்புத்தாள் தேய்க்க வேண்டியிருந்தது.