கடைக் கணக்குகளை ஒன்று சேர்க்கும் வகை

கல்லாவில் ஒரு கணக்கு, கிட்டங்கியில் ஒரு கணக்கு, இணையக் கடையில் வேறொரு கணக்கு. இப்படி மூன்றாய்க் கிடந்தால், கைவசம் எத்தனை மூட்டை அரிசி உண்டென்பது முதலாளிக்கே நிச்சயப்படாது. இவற்றைத் திரட்டி ஒரே இடத்தில் சேர்க்கும் மென்பொருள்களில் 'அப்பாச்சி நைஃபை' விலையின்றிக் கிடைப்பது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் உருவாகி, 2014-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வந்தது. இது சுமைகூலி போன்றது, பேரேடு அன்று. கணக்கு நிலையாய்த் தங்க, போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் தனியே வேண்டும். ஒரே சரக்குக்கு மூன்று இடத்திலும் மூன்று பெயரிருந்தால் அதையும் முதலில் நாமே ஒழுங்கு செய்ய வேண்டும்.

கடைக் கணினியிலேயே நிறுவலாம். இரண்டாம் பதிப்புக்கு ஜாவா 21 அவசியம். இயக்கியபின், அதே கணினியின் உலாவியில் 8443 என்னும் வாயிலில் பலகை திறக்கும். கடவுச்சொல் எங்கே என்று பலர் திகைப்பர். முதல் தடவை அதுவே ஒன்றை உண்டாக்கி, 'நைஃபை-ஆப்.லாக்' என்ற பதிவுக் கோப்பில் எழுதிவிடும். மாற்ற விரும்புவோர் 12 எழுத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும்.

மிகவும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. நிறுவியபடியே விட்டால், நைஃபை 127.0.0.1 என்ற முகவரியில், தன் கணினிக்குள் இருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே பதில் தரும். கிளைக் கடையிலிருந்தும் பார்க்கலாமே என்று அவ்வாயிலை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். உள்ளே நுழைந்தவன் கணக்கைப் பார்ப்பதோடு நில்லான். கணினியில் தன் கட்டளைகளையே ஓட்டுவான். கடன்காரர் பெயரும் தொலைபேசி எண்ணும் அங்கேதானே இருக்கின்றன! அவற்றைக் காக்கும் பொறுப்பை மலேசியாவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் வியாபாரிமீது சுமத்துகின்றன. கிளையிலுள்ளவர் விபிஎன் என்னும் காப்பு வழியாக அக்கணினிக்குள் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.