இருள் உரைக்கும் உண்மை: ஆப்பிரிக்கக் கானகத்தின் இரவு வாழ்க்கை

இறைவனின் படைப்பில் பகல் ஒரு பாதி. இரவு மறு பாதி. இவ்விரண்டின் மாற்றத்தைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் மாந்தரைப் பலமுறை அழைக்கிறது. ஆயினும், கானகம் காணச் செல்வோர் பெரும்பாலும் பகற்பாதியை மட்டுமே கண்டு மீள்கின்றனர். ஆப்பிரிக்கத் தேசியப் பூங்காக்கள் பலவற்றில், கதிரவன் மறையுமுன் பயணிகளின் ஊர்திகள் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. இரவுக் காட்சிக்கு இடமளிக்கும் பூங்கா ஒன்றையும், இரவைக் கண்டோர் அறிந்த உண்மை ஒன்றையும் ஈண்டுக் காண்போம்.

லுவாங்வாவின் இரவு

ஜாம்பியா நாட்டின் தென் லுவாங்வா பூங்கா ஏறத்தாழ 9,050 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1972-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. இங்கு, தேர்ச்சி பெற்ற வழிகாட்டியுடன் திறந்த ஊர்தியில் இரவில் செல்லலாம். வழிகாட்டியின் துணைவர் ஒளிமிக்க கைவிளக்கை இருமருங்கும் மெல்லச் சுழற்றுவார். முதலில் தெரிவது விலங்கின் உடலன்று, கண்களே. இரவில் இயங்கும் விலங்குகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்றதொரு படலம் உண்டு. விழித்திரை கொள்ளாது விட்ட ஒளியை அப்படலம் மீண்டும் விழித்திரைக்கே திருப்புகிறது. அதனால் மங்கிய ஒளியிலும் அவை நன்கு காண்கின்றன. விளக்கொளி பட்டதும் அவற்றின் கண்கள் சுடர்வதும் இதனாலேயே. மனிதக் கண்ணுக்கு இப்பேறு இல்லை.

நம் நாட்டுத் தேவாங்கின் உறவினமாகிய கலாகோ கிளைக்குக் கிளை தாவுகிறது. புனுகுப்பூனை தரையை மோந்து செல்கிறது. முள்ளம்பன்றி கிழங்கு அகழ்கிறது. பகலெல்லாம் ஆற்றில் அமிழ்ந்து கிடந்த நீர்யானை கரையேறி, ஓர் இரவில் ஏறத்தாழ 40 கிலோ புல்லை மேய்கிறது. சிறுத்தை ஓசையின்றி வேட்டைக்குப் புறப்படுகிறது.

கழுதைப்புலியின் மீதான பழி

இரவைக் காணாமையால் விளையும் பிழைக்குக் கழுதைப்புலியே தக்க சான்று. விடியற்காலையில் இரையின்மேல் சிங்கங்கள் இருக்கும். சுற்றிலும் கழுதைப்புலிகள் காத்து நிற்கும். இதைக் கண்டோர், சிங்கம் கொன்றதென்றும் கழுதைப்புலி எச்சிலுக்கு ஏங்குகிறதென்றும் முடிவு செய்தனர். 1960-களில் தான்சானியாவின் இங்கோரோங்கோரோப் பள்ளத்தாக்கில் ஹான்ஸ் குரூக் என்னும் ஆய்வாளர், இரவிலும் அவற்றைப் பின்தொடர்ந்தார். அங்குள்ள புள்ளிக் கழுதைப்புலிகள் தம் உணவின் பெரும்பகுதியைத் தாமே வேட்டையாடிப் பெறுவதையும், அவை கொன்ற இரையைச் சிங்கங்கள் பலமுறை பறித்துக்கொள்வதையும் அவர் கண்டறிந்தார். 1972-இல் வெளிவந்த அவரது நூல் நெடுங்காலப் பழியைத் துடைத்தது. காலையில் கண்ட காட்சி பொய்யன்று. அதிலிருந்து கொண்ட முடிவே பொய்.

ஒளிக்கும் ஒழுக்கம் உண்டு

இரவைக் காண்பது நன்று. ஆனால் நாம் ஏந்தும் விளக்கே தீங்காகவும் கூடும். திடீர் ஒளியால் கண் கூசிய மான் சிறிது நேரம் பார்வை தடுமாறி, பகை விலங்குக்கு எளிதில் இரையாகலாம். மறுபுறம், பதுங்கிய சிறுத்தையை விளக்குக் காட்டிக்கொடுத்தால், அதன் பசி தீராமற் போகலாம். ஆகவே நல்ல வழிகாட்டிகள் மான், யானை முதலியவற்றின்மீது ஒளி பாய்ச்சுவதில்லை. வேட்டை நிகழ்கையில் விளக்கை அணைத்துவிடுகின்றனர். பாலூட்டிகள் பலவற்றின் கண்களுக்குச் சிவப்பொளி அத்துணை புலப்படாது. எனவே விளக்கின்மேல் செந்நிறத் தகடு பொருத்துவோரும் உளர். காண்பவனின் ஆவலைவிடக் காணப்படும் உயிரின் உரிமை பெரிது என்பதே இவற்றின் உட்பொருள்.

அறிவுக்கும் இவ்விரு நெறிகள் பொருந்தும். பாதியைக் கண்டு தீர்ப்புரைத்தல் ஆகாது; மறைந்திருப்பதைத் தேடும்போது பிறர்க்கு ஊறு செய்தலும் ஆகாது. சக மனிதரைப் பற்றி ஒரு சொல் உரைக்குமுன், நாம் கண்டது முழுமையா, விடியற்காலைக் காட்சி மட்டுமா என்று மாணவச் செல்வங்கள் தம்மைத் தாமே வினவிக்கொள்வார்களாக!