சுவரை இடிக்குமுன்: மாடிவீட்டுப் பாடங்கள்

செம்பூரில் பதினான்காவது மாடியில் எங்கள் வீடு. இரண்டு படுக்கையறை, ஹால், கிச்சன்; ஐந்து பேர். 2020-இல் ஊரடங்கு வந்தபின் நானும் மனைவியும் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கலானோம். என் மேஜை, அம்மாவின் கட்டிலை ஒட்டி. நான் போனில் பேசத் தொடங்கினால் அம்மா ரேடியோவை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார். "உனக்கு இடைஞ்சலா இருக்கும்ப்பா" என்பார். இரண்டு ஆண்டுகள் இப்படியே ஓடின. பிறகுதான் வீட்டை மாற்றியமைக்கத் துணிந்தோம். அதில் கற்றதை நம் சங்க அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

முதற்பாடம், சுவர். ஹாலுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்தால் தாராளமாகிவிடும் என்றார் மிஸ்திரி. நானும் தலையாட்டினேன். சொசைட்டியில் அனுமதி கேட்டபோது வரைபடத்தைப் பார்த்த பொறியாளர், அது பாரம் தாங்கும் கான்கிரீட் சுவர் என்று தடுத்தார். அலுமினிய அச்சில் வார்க்கப்படும் கட்டடங்களில் சுவர்களே மேல்மாடிகளைச் சுமக்கின்றன. 2017 ஜூலையில் காட்கோபரில் ஒரு குடியிருப்பு இடிந்து 17 பேர் இறந்தனர். தரைத்தளத்தில் நடந்த மாற்ற வேலையே காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டது. அந்தச் செய்தியை நானும் படித்தவன்தான். ஆனாலும் தலையாட்டினேனே!

இரண்டாவது, எடை. வீட்டுத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற அளவில், ஆட்களும் சாமான்களும் ஏற்றும் பாரம் கணக்கிடப்படுகிறது. நாலரை அங்குலச் செங்கல் சுவரோ, ஒன்பதடி உயரத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கே 600 கிலோவைத் தாண்டும். எனவே ஹாலின் ஜன்னலோரம் இரும்புச் சட்டத்தில் ஜிப்சம் பலகைத் தடுப்பு எழுப்பி, ஓசை குறைய உள்ளே ராக்வூல் அடைத்தோம். ஐந்தடிக்கு ஏழடி அறை கிடைத்தது. மேஜை உயரம் 75 சென்டிமீட்டர். திரையில் கண் கூசாதிருக்க, ஜன்னல் பக்கவாட்டில் அமையும்படி போட்டோம்.

மூன்றாவது, தண்ணீர். குளியலறை டைல்ஸை மாற்றுபவர்கள், நீர்க்கசிவுத் தடுப்புப் பூசியதும் வடிகாலை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீரைத் தேக்கிவையுங்கள். கீழ்வீட்டாரின் கூரையைப் போய்ப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் மட்டும் டைல்ஸ் பதியுங்கள்.

நான்காவது, மின்சாரம். ஏ.சி.க்குத் தனி லைன் இழுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் அவசியம்.

செலவு நினைத்ததைவிடக் கூடியது உண்மை. ஆனால் இப்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கிறேன். அம்மா தம் கட்டிலில் சாய்ந்தபடி ரேடியோ கேட்கிறார். நீங்களும் வேலை தொடங்குமுன் கட்டட வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். மிஸ்திரியிடம் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.